ஃப்ரீசர் குறிப்பேட்டில் என் கையெழுத்து

ஆகஸ்ட் 18, திங்கள்

மூன்று நாள் விடுமுறை முடிந்து செம்பூர் ஆய்வகத்தைத் திறந்தால், ஃப்ரீசருக்கு அடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. விடுமுறையில் மின்சாரம் போய் ரத்த மாதிரிகள் எல்லாம் உருகிவிட்டன. தாராவியில் எங்கள் சந்தில் வீடு வீடாகப் போய் நான் கெஞ்சி வாங்கிய ரத்தம்.

வெப்பநிலைக் குறிப்பேட்டில் மூன்று நாளுக்கும் மைனஸ் எண்பது டிகிரி என்று இருந்தது. வியாழக்கிழமையே நான் எழுதிவைத்தது. கட்டம் காலியாக இருந்தால் தணிக்கையில் கேட்பார்கள் என்று எல்லோரும் அப்படித்தான் செய்வோம்.

"ரெக்கார்ட் கிளீனா இருக்கே. திரும்ப ஃப்ரீஸ் பண்ணிடுங்கோ," என்றார் எங்கள் ஆய்வகத் தலைவர். உருகிய மாதிரிகளை மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினேன்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் அத்தை பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, என் ரத்தத்துல என்ன இருக்குன்னு எப்பம் சொல்லுவாவ?"

"ஒண்ணும் இருக்காது அத்தே," என்றேன். அதையும் பார்க்காமலேயே.