தொடர்புகளுக்கு: நண்பர்

உன் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி இன்று காலை என் கைபேசிக்கு வந்தது. ஷ்லீரனிலிருந்து உன் அக்கா அனுப்பியிருந்தார். "தம்பி, எழுத்துப்பிழை இருக்கோ எண்டு ஒருக்காப் பாரும். நாளைக்குக் காலமை இணையத்தில போட வேணும்" என்று கூடவே ஒரு வரி. அடுப்படியில் நின்று நீ சிரிக்கும் படம். அதன் கீழே வழக்கமான வரிசை: இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு சகோதரனும், இன்னாரின் மைத்துனனும், மாமாவும். எல்லாருக்கும் பிறகு, கடைசி வரியில், தொலைபேசி எண்ணோடு நான். தொடர்புகளுக்கு: நண்பர்.

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லும் போன வருடம் நானே சொல்லிக் கொடுத்ததுதான்.

என் வேலை உனக்குத் தெரியும். பேர்னில், வெளியுறவு அமைச்சில் உட்கார்ந்து, இந்த நாடு ஜெனீவாவில் மற்ற நாடுகளுக்குச் சொல்லப்போகும் வாக்கியங்களை எழுதுகிறேன். நாடுகள் முறைவைத்து ஒன்றையொன்று மனித உரிமை பற்றிக் கேள்வி கேட்கும் கூட்டம் அது. நீ பிறந்த தீவின் முறை வந்தபோது, ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வதைக் குற்றமாக்கும் பழைய சட்டத்தை நீக்கும்படி பரிந்துரைக்கும் வரியை எழுதியவன் நான். எங்கள் தூதர் அதை வாசித்தபோது நீ லுசேர்ணில், ஹோட்டல் சமையலறையின் மதிய ஓய்வில், ஏப்ரனைக் கழற்றாமல் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாய். உடனே எழுதினாய்: "நல்லாயிருக்கு. இதை உன்ர அம்மாவுக்கு எப்ப பரிந்துரைக்கப் போறாய்?"

"கவனத்தில் எடுத்துக்கொள்கிறேன்" என்று பதில் அனுப்பினேன். அந்தக் கூட்டத்தில் ஒரு நாடு பரிந்துரையை ஏற்றுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கவனத்தில் எடுத்துக்கொண்டதாகச் சொல்லலாம். இரண்டாவது, மரியாதையான மறுப்பு. அதை உனக்கு விளக்கியவனும் நானே. அதற்குப் பிறகு நான் எதைத் தள்ளிப்போட்டாலும் நீ அகப்பையைத் தூக்கிக்கொண்டு, "ஓ, கவனத்தில எடுத்தாச்சோ?" என்பாய். நான் சிரித்துச் சமாளிப்பேன்.

என் அம்மா ஷ்லீரனிலிருந்து லுசேர்ணில் நம் வீட்டுக்கு வரும் நாட்களில் நீயாகவே உன் சட்டைகளை அள்ளிக்கொண்டு சின்ன அறைக்குப் போவாய். "தூதரகத்தை மூடியாச்சு" என்பாய். அந்த அறையில் ஒரு மெத்தையும் பெட்டிகளும்தான் இருந்தன. ஒருநாள் நீ வைத்த நண்டுக் கறியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அம்மா கேட்டார்: "இவ்வளவு கைப்பக்குவம் இருக்கு, ஏன் தம்பி இன்னும் கலியாணம் கட்டேல்லை?"

நீ என்னைப் பார்த்தபடியே, "ஒருத்தரும் கேக்கினமில்லை, அம்மா" என்றாய். நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழுந்து போனேன்.

அந்தக் கேள்வியையும் கடைசியில் நீதான் கேட்டாய். இங்கே நாமும் மணம் செய்யலாம் என்று ஆன கோடையில், ஏரிக்கரை பஸ் தரிப்பிடத்தில் வைத்துக் கேட்டாய். "சட்டம் வந்திட்டுது. இனி உனக்கு என்ன சாட்டு?" தங்கையின் கலியாணம் முடியட்டும் என்றேன். முடிந்தது. அப்பாவின் சத்திரசிகிச்சை முடியட்டும் என்றேன். அதுவும் முடிந்தது. அடுத்த சாட்டை நான் தேடிக்கொண்டிருந்தபோது, மதிய ஓய்வுக்குச் சற்று முன், அடுப்படியிலேயே உன் இதயம் நின்றுவிட்டது.

மறுநாள் மரண அறிவித்தல் எழுத உன் அக்கா என்னைப் பக்கத்தில் இருத்தினார். "தம்பி, உம்மை எப்பிடிப் போடுறது?" என்று கேட்டார்.

யாரும் எதிர்க்காத சொல்லைத் தேடுவது என் தொழில். "நண்பர் எண்டு போடுங்கோ, அக்கா" என்றேன். அவர் உடனே எழுதவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். தகனத்தன்று உறவினர் எல்லாரும் முன்னே நின்றார்கள். நான் உன் ஹோட்டல் ஆட்களோடு பின்னால் நின்றேன். ஒன்பது வருடம் உன் பக்கத்தில் படுத்து எழும்பியவன், உன் முகத்தை எட்டி எட்டிப் பார்க்கவேண்டியிருந்தது. என்மேல் எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இன்று மதியம் அக்கா அழைத்தார். "பாத்தீரோ, தம்பி?"

"பாத்தனான். பிழை இல்லை, அக்கா. என்ர இடத்தை மட்டும் மாத்தலாமோ?"

"எப்பிடி?"

"துணைவர் எண்டு. கீழ இல்லை. மேல, மற்ற ஆக்களோட."

அங்கே குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அதை நிறுத்தினார். "நான் போன வருசமே கேட்டனான்" என்றார். அழுகையா கோபமா என்று தெரியவில்லை. பிறகு, "உங்கட அம்மா காலமை எழும்பினவுடன இதுகளைத்தானே வாசிக்கிறவ. யோசிச்சீரோ?"

ஒரு வருடமாக வேறெதை யோசித்தேன்? தேநீரோடு உட்கார்ந்து மரண அறிவித்தல்களையும் நினைவஞ்சலிகளையும் அம்மா ஒன்று விடாமல் வாசிப்பார். யார் யாருக்கு என்ன முறை என்று அப்பாவுக்கு விளக்கம் சொல்லுவார். நாளைக்கு உன் படத்தில் நிற்பார். "ஐயோ, எங்கட நண்டுக் கறித் தம்பி" என்பார். பிறகு வரி வரியாகக் கீழே வருவார்.

"யோசிச்சிட்டன். போடுங்கோ, அக்கா" என்றேன்.

இதை ஷ்லீரனுக்கு, அம்மா வீட்டுக்குப் போகும் ரயிலில் இருந்து எழுதுகிறேன். அம்மா அதை வாசிக்கும்போது நான் எதிரே இருக்கவேண்டும். அதற்கு முன் என் வாயாலேயே சொல்லிவிட்டால் நல்லது. அந்தத் துணிவு வருமோ தெரியாது. உனக்கு என்னைத் தெரியும். ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறக்கும்போது இறங்கித் திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் இன்னும் இறங்கவில்லை.

அம்மாவுக்கு எப்ப பரிந்துரைக்கப் போறாய் என்று கேட்ட உன் குறுஞ்செய்தியை நான் அழிக்கவில்லை. என் கெட்டித்தனமான பதிலும் அதன் கீழேயே இருக்கிறது. இனி நீ வாசிக்காத அந்த இடத்தில், இப்போதுதான் இன்னொரு வரி எழுதி அனுப்பினேன்: ஏற்றுக்கொள்கிறேன்.

அடுத்த நிலையம் ஷ்லீரன்.