ஞாயிறு மாலை அவர் உன்னைக் கூப்பிடுகிறார்

என் ராசாத்தி, கஸ்தூரிக்கு,

உன் ரேடியோ பை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. பேசிய குரலே மேலே போய்த் திரும்பி வந்து கீச்சிடாமல் இருக்க ஹெட்போன், கை ஒழியாதபோது பேச்சைப் பதிந்துகொள்ள ரெக்கார்டர், திசைகாட்டி, நெற்றியில் கட்டும் விளக்கு, எல்லாம் நீ வைத்தபடியே. விளக்கில் பேட்டரி கசிந்திருந்தது, மாற்றினேன். யாருக்காக என்று கேட்காதே.

ஹாம் ரேடியோவில் செயற்கைக்கோள் வழியாகப் பேசப் போகிறேன் என்று நீ ஆரம்பித்தபோது இந்த ஆவடி குவார்ட்டர்ஸே சிரித்தது. இரும்பு டேப்பை வெட்டிப் பிளாஸ்டிக் குழாயில் கட்டிய உன் ஆண்டெனாவைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா, "இன்னா கஸ்தூரி, மீன் புடிக்கப் போறியா?" என்றாள். "ஆமாக்கா, வானத்துல" என்றாய்.

ஆண்டெனாவுக்கு ஸ்டாண்டு வாங்கித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டாய். "நீ கீறப்ப ஸ்டாண்டு இன்னாத்துக்கு மாமா? அது சொன்னா திரும்புமா?" நான் பிடிப்பேன், நீ பேசுவாய். சாட்டிலைட் தலைக்கு மேலே கடந்து போகிற அந்தப் பத்து நிமிடமும் முழங்கையால் இடித்தே என்னைத் திருப்புவாய். என் விலாவைக் கேட்டால் கதை கதையாகச் சொல்லும்.

காய்ச்சல் என்று படுத்தவள் எழவேயில்லை. காரியம் முடிந்த பிறகு வந்த ஞாயிறு மாலை, வீட்டில் இருப்புக்கொள்ளாமல் மொட்டை மாடிக்குப் போனேன். பேச எனக்கு லைசென்ஸ் இல்லை, கேட்க மட்டும்தான். இடிக்க ஆளில்லாமல் ஆண்டெனாவை எங்கெங்கோ காட்டிக்கொண்டிருந்தபோது ஞாயிறுதோறும் ரேடியோவில் உன்னோடு பேசும் உன் யாழ்ப்பாணத்து அண்ணரின் குரல் வந்தது. "கஸ்தூரித் தங்கச்சி, நிக்கிறீங்களோ?"

அவருக்குத் தெரியாது கஸ்தூரி. உலகத்தில் அவர் ஒருவருக்கு நீ இன்னும் உயிரோடு இருக்கிறாய். அதை நான் எப்படிக் கெடுப்பேன்?

"மெயில் போட்டுச் சொல்லிரலாம்பா" என்றாள் நம் மகள். எரிந்து விழுந்தேன். சொன்னால் கூப்பிடுவதை நிறுத்திவிடுவாரே. உன் பெயரைக் கேட்கத்தானே ஞாயிறுதோறும் மாடி ஏறுகிறேன்? சுயநலம்தான், இருந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன்.

போன ஞாயிறு அவர் சொன்னதைக் கேள். "தங்கச்சிக்குச் சுகமில்லையோ தெரியேல்லை. என்ரை மனுசி உங்களுக்காக நேர்த்தி வச்சு விரதம் இருக்கிறா. சுகமானவுடனை வாங்கோ." அதற்குள் சாட்டிலைட் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டது, வெறும் இரைச்சல். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். துணி எடுக்க வந்த எதிர்வீட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

முகம் பார்த்திராத ஒருத்தி, போய்ச் சேர்ந்தவளுக்காகப் பட்டினி கிடக்கிறாள். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனா?

உன்னோடு லைசென்ஸ் எடுத்த அம்பத்தூர் பாஸ்கரைக் கூப்பிட்டேன். வரும் ஞாயிறு வருகிறான், அவன்தான் பேசப் போகிறான். "ஸ்டாண்டு எட்த்தாரட்டா அண்ணாத்தே?" என்றான். வேண்டாம், நானே பிடிக்கிறேன் என்றேன். இறந்துபோனவரை உங்கள் கூட்டத்தில் 'சைலன்ட் கீ' என்பீர்களாமே, மௌனமாகிவிட்டார் என்று. நீயா? என்றைக்காவது நீ வாய் ஓய்ந்து நான் பார்த்திருக்கிறேனா?

அவருக்கும் தெரிந்துவிட்டால், அப்புறம் வானத்தில் உன்னைக் கூப்பிட ஆளில்லை. கட்டினவள் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு, காலமெல்லாம் "இன்னாம்மே" என்றே ஓட்டியவன் நான். இனி ஞாயிறுதோறும் அதே மாடியில் நின்று நானே கூப்பிடுகிறேன், கஸ்தூரி என்று, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

உன் அத்தை பெற்ற பிள்ளை,
உன் மாமா