நீ மயங்கி விழாத காலை

என் ஆசைத் தம்பி மாரிமுத்து,

அன்று காலை நான் தின்னக் கொடுத்த மரவள்ளிக் கிழங்குதான் உன்னைச் சயாமுக்கு அனுப்பியதாமடா. நேற்றுத்தான் தெரிந்தது. 

முட்டி வலிக்கு அக்குபங்சர் ஊசி குத்திக்கொள்ளத் தெமியாங்கில் ஒரு சீன டாக்டரம்மாவிடம் போயிருந்தேன். சாப்பிட்டாச்சா என்று மலாயில் கேட்டாள். இந்த ஊரில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் கேட்பதுதானே என்று சும்மா தலையாட்டிவைத்தேன். ஊசி ஏறியதும் உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்து, நெஞ்சு அடங்கி, கண் இருட்டிவிட்டது. அவள் ஊசிகளை உருவிப்போட்டு, காலைத் தூக்கிவைத்துப் படுக்கவைத்தாள். வெறும் வயிறு என்று தெரிந்ததும் நன்றாகத் திட்டினாள்.

நம்மைக் கேட்காமலே இதயத்தையும் வியர்வையையும் நடத்துகிற நரம்புகள் இருக்கின்றனவாம். தன்னியக்க நரம்பு மண்டலம் என்று பெயர். ஊசி அதை உலுக்கும்போது, பசித்த உடம்பென்றால் நாடி மளமளவென்று இறங்கிவிடும், சாப்பிட்டவர்களுக்கு அவ்வளவு எளிதில் இறங்காது என்றாள். படுத்த இடத்திலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க நம் லிங்கித் தோட்டத்துக்கு வந்த காலை நினைவிருக்கிறதா? நாடி விழுந்த ஆளை அவர்கள் டாக்டர் கழித்துவிடுவான் என்று, பக்கத்தில் கீரை போட்டுக்கொண்டு ஊசி வைத்தியமும் பார்த்துவந்த சீனக் கிழவர் நம் இருவரையும் மரத்தடிக்குக் கூப்பிட்டார். எப்போதும் படுக்கவைத்துக் குத்துகிறவர், அன்று நிற்கவைத்துக் குத்தி ஊசியை முறுக்கினார். அதற்கு முன் அவரும் "சுடா மக்கான்?", சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்டார். இருவருமே இல்லை என்றோம். அந்தப் பஞ்சத்தில் சாப்பிட்டேன் என்று யார் ஒப்புக்கொண்டார்கள்? கொஞ்சம் கஞ்சி தருவார் என்று உனக்கு நப்பாசை. என் பங்குக் கிழங்கையும் நீ தின்றிருந்ததை நானும் சொல்லவில்லை.

நான் சரிந்தேன். நீ என்னைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர்கள் ஆள் பொறுக்கிய திடலுக்கு ஓடினாய்.

"அண்ணே, எனக்கு ஒண்ணும் ஆவலியே. கண்ணுகூட இருட்டல" என்று போகும்போதே சொன்னாய்.

அந்த டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துத் தள்ளிவிட்டான். என்னைச் சுமந்து நின்ற உன் தோளைப் பார்த்தான், லாரியைக் காட்டினான். அதன்பிறகு உன்னைப் பார்த்தவர் யாரும் இல்லை.

இத்தனை காலம் அந்தக் கிழவர் உனக்கு ஏனோதானோவென்று குத்திவிட்டார் என்று ஏசிக்கொண்டே இருந்தேன். அவர் மகன் சி ரூசாவில் கடை வைத்திருக்கிறான், அங்கே தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவன் அப்பா சரியாகத்தான் குத்தினார் என்று இந்த வாரமே போய்ச் சொல்லிவிடுகிறேன், இது சத்தியம்.

உனக்கும் ஒன்று சொல்லவேண்டும். அன்றைக்கே இது தெரிந்திருந்தால், உன் கையிலிருந்த கிழங்கைப் பிடுங்கி நானே தின்றிருப்பேனடா.

உன் ஆயுசையும் சேர்த்து வாழ்ந்துவிட்ட,
அண்ணன்