வருது மிஸ்

நவ. 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். மந்தைவெளி மார்க்கெட் பக்கம் ஒரே சேறு, புடவை ஓரமெல்லாம் நாசம்.

நாளை +2 பி-க்கு எஸ்டர் செய்முறை. எடுத்து வைக்க: அசிட்டிக் அமிலம், ஐசோஅமைல் ஆல்கஹால் – வாழைப்பழ வாசனைக்கு. சாலிசிலிக் அமிலம், மெத்தனால் – தைல வாசனைக்கு. அடர் கந்தக அமிலம், சில சொட்டு. வெந்நீர். சோடா கரைசல்.

மூக்குக்கு வாசனை இன்னும் திரும்பவில்லை. காய்ச்சல் விட்டு மூன்று மாதம். இன்று பால் அடிப்பிடித்ததுகூடப் புகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. வாசனை தெரியாத கெமிஸ்ட்ரி டீச்சரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

மாலை உமா போன். "ஞாயித்துக்கிழமை வரேம்மா. அப்பா துணியெல்லாம் துவைச்சு வை, யாருக்காவது குடுத்துடலாம். அப்பா போய் அஞ்சு மாசமாச்சு, இன்னும் எத்தனை நாள் வெச்சுப்ப?" சரி என்றேன். பெற்ற பெண்ணிடம் எரிச்சல். நங்கநல்லூரிலிருந்து உத்தரவு போடுவது சுலபம்.

நவ. 11, செவ்வாய்

மழை. ஜன்னலெல்லாம் சாத்தி வகுப்பு.

இரண்டு சோதனைக் குழாய். எண் ஒட்ட மறந்தேன். இத்தனை வருடத்தில் எண் தேவைப்பட்டதே இல்லை, மூக்கு இருந்தது.

வெந்நீரிலிருந்து ஒன்றை எடுத்து சோடா கரைசலில் ஊற்றினேன். நுரைத்தது. கையால் விசிறி, முகர்ந்து, "நல்ல பழுத்த வாழைப்பழம், வருதா?" என்றேன். முதல் பெஞ்சில் நீட்டினேன். பேச்சில்லை. எப்போதும் சந்தைக்கடையாக இருக்கும் வகுப்பு. நித்யா பீக்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வருது மிஸ்."

மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு கடைசி பெஞ்சு வரை ஒவ்வொருவராக, வருது மிஸ், வருது மிஸ்.

மணி அடித்ததும் லேப் அட்டெண்டர் செல்வி கதவைச் சாத்தினாள். "இன்னா டீச்சர், தைலம் வாடை குப்புனு அடிக்குது, நீங்க வாழப்பயம்னு சொல்லிக்கினு கீறீங்க?"

மூக்கு போனதைச் சொல்லிவிட்டேன். அவள் பீக்கரைக் கழுவினாள்.

குழந்தைகள் பாவம் பார்த்திருக்கிறார்கள்.

தைலம். அவர் முழங்காலுக்குத் தினம் தடவியது. கடைசி இரண்டு வருடம் வீடே அந்த வாசனைதான். "படுக்கையெல்லாம் நாறுது, பால்கனில போய்த் தடவுங்க" என்று சண்டை போட்டிருக்கிறேன். இன்று அது என் மூக்குக்கு நேரே இருந்திருக்கிறது. வகுப்பே முகர்ந்தது, எனக்கு மட்டும் இல்லை. லேபிலேயே அழுதேன்.

நவ. 13, வியாழன்

திருத்த வேண்டிய தாள் ஒரு கட்டு. தொடவில்லை.

பீரோவில் அவர் துண்டு. போன மறுநாளே பாலித்தீன் கவரில் போட்டு வாய் கட்டியது. காய்ச்சலுக்கு முன்பு தினம் ஒரு தடவை பிரித்து முகர்வேன்.

எஸ்டர் ஆவியாகும். பாலித்தீன் சின்ன மூலக்கூறுகளை மெல்ல வெளியே விட்டுவிடும். பாலிமர் பாடத்தில் வருஷா வருஷம் நானே சொல்வது. தெரிந்தும் மனசு கேட்கவில்லை.

வாசனை போயிருந்தால் துவைத்துவிடலாம். இருந்தால் என்னால் முடியாது. அவ்வளவுதான். ஆனால் யார் முகர்ந்து சொல்வது? உமாவிடம் கேட்டால் டாக்டரிடம் இழுத்துப் போவாள்.

செல்வியைக் கேட்டேன். "சனிக்கெயம வர்றேன் டீச்சர்."

நவ. 15, சனி

மழை விட்டது. கொடியில் துணி காயவில்லை.

செல்வி வந்தாள். லீவு நாளில், செம்மஞ்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி. ஆற்றோர வீட்டை இடித்து அங்கே அனுப்பும் முன்பெல்லாம் நடந்தே வந்துவிடுவாள். காபி குடித்தோம். எனக்கு வெறும் சூடு.

கவரைப் பிரித்துத் துண்டை நீட்டினேன். முகத்தை அதில் புதைத்தாள். ரொம்ப நேரம். பொய் சொல்லாதே என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

"கீது டீச்சர். நல்லா கீது."

தலையைத் தூக்காமல் சொன்னாள். நித்யா சொன்ன அதே மெதுவான குரல்.

கவரை மறுபடி கட்டினேன். இரட்டை முடிச்சு. திருத்தாத தாள் கட்டுக்கு அடியில் வைத்தேன்.

நவ. 16, ஞாயிறு

வெயில். உமா பதினோரு மணிக்கு வந்தாள். வேட்டி, சட்டை, ஸ்வெட்டர் எல்லாம் கொடுத்தாச்சு. பீரோ காலி.

"அப்பா துண்டு ஒண்ணு இருந்துதே?"

துவைத்துக் கொடுத்துவிட்டேன் என்றேன்.