இருபது நிமிடக் கண்ணயர்வு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இடுப்பு வலி தேவலையா? மூன்று நாளாக எனக்குச் சரியான தூக்கமில்லை. உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். உங்கள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பேட்டி எடுத்து எழுதினேனே, அந்த ஆய்வுக்குச் சமூகவியல் துறையில் முதலிடம். "வெளிநாட்டுல தொழிலாளர் அமைப்பு ஒண்ணு ஆள் தேடுது, போட்டுப் பாரு" என்றார் பேராசிரியர். விண்ணப்பித்துவிட்டேன். ஆய்வின் பிரதி ஒன்று உங்கள் அலுவலகத்துக்கும் வரும். நீ இல்லாவிட்டால் அங்கே ஒருத்தியும் என்னிடம் வாய் திறந்திருக்க மாட்டாள். சோம்பல்படாமல் பதில் போடு.

உன் வாலு

மார்ச் 19

அடி வாலு,

பிரதி வந்தது. மேலாளர் வரி விடாமல் படித்தார். பெயர், வயதெல்லாம் மாற்றியிருக்கிறாய், சரி. 'இடது கையால் விரிப்பு மடிப்பவர்' என்று எழுதினால் யாரென்று தெரியாதா? பதினொரு பேரில் இடது கைக்காரி ஒருத்திதான். துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் நாங்கள் முறைபோட்டு இருபது நிமிடம் கண்ணயர்வதை, என் தங்கை என்று நம்பி அவள் உன்னிடம் சொன்னாள். இப்போது அவளை அழுக்குத்துணி பிரிக்க அனுப்பிவிட்டார்கள். அந்த மூலைக்குக் கம்பிக்கதவு போட்டாயிற்று.

என்னைக் கண்டால் பேச்சு நின்றுபோகிறது. நேற்று அவளே கேட்டாள்: "உன் தங்கச்சிக்கு வேலை கிடைச்சிடுச்சா?" நான் குனிந்து துணி மடித்தேன். உன்மேல் கோபம்தான். அதைவிடக் களைப்பு அதிகம்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

எழுதக் கை வரவில்லை. "ஆள் கண்ணு முன்னாடி நிக்கணும்" என்று பேராசிரியர் சொல்லிக்கொண்டே இருந்தார். பெயரை மாற்றினால் போதுமென்று நினைத்துவிட்டேன். இவ்வளவு படித்தும் புத்தி வரவில்லை. மேலாளருக்கு இரண்டு முறை எழுதினேன், பதிலில்லை.

வேலை கிடைத்துவிட்டது. பத்தாம் தேதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். ஆய்வைத் திரும்ப வாங்கிக்கொண்டால் வேலையும் போய்விடும். நீ ஒரு வார்த்தை சொன்னால் வாங்கிக்கொள்கிறேன். அந்த இடது கைக்கார அக்கா எப்படி இருக்கிறார்? மற்றவர்கள் உன்னோடு பேசுகிறார்களா? இப்போது எங்கே ஓய்வெடுக்கிறீர்கள்? எல்லாவற்றையும் விவரமாக எழுது.

வாலு

ஏப்ரல் 8

வாலு,

திரும்ப வாங்காதே. வாங்கினாலும் கம்பிக்கதவு திறக்கப்போவதில்லை. போய் வா. நன்றாக இரு, மனதாரத்தான் சொல்கிறேன். குளிருக்கு நல்ல காலுறை எடுத்துக்கொள்.

அவள் அழுக்குத்துணியோடுதான் இருக்கிறாள். கை அரிக்கிறது என்கிறாள். போன வாரம்தான் எல்லோரும் என்னோடு பேச ஆரம்பித்தார்கள். ஓய்வெடுக்க வேறு இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள். யோசித்து யோசித்து, கடைசியில் எனக்கும் காட்டினார்கள்.

எங்கே என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

அக்கா