கூரையில்லாத முற்றத்தில் கையை எடுக்கச் சொல்வது குறித்து

அனுப்புநர்:
குடும்ப அட்டை எண் 4417-இன் குடும்பத் தலைவி,
(தொழில்: உடைகளுக்கு ஓரக்கல் தைத்தல்)
மூன்றாம் மாடி, பின்பக்க வீடு,
ஆணிக்கடைச் சந்து, கிழக்கு மண்டலம்.

பெறுநர்:
உயர்திரு உதவி ஆணையர் அவர்கள்,
எடை வாரியம்,
கிழக்கு மண்டல அலுவலகம்.

பொருள்: எட்டாவது மாதம் முடியவிருக்கும் என் மகனுக்கு இடுப்புக்கல் வழங்கக் கோருதல் – மறு எடைக்கு வரும் குழந்தையைத் திறந்த வானத்தின் கீழ் விடச் சொல்லும் நடைமுறையை வரும் வியாழக்கிழமைக்கு முன் நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது என்னுடைய நான்காவது மனு. முதல் மூன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று அச்சடித்த சீட்டு வந்தது. இம்முறை சீட்டு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால், தபாலில் போடாமல் என் நாத்தனாரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் தங்கள் அலுவலக வாசலிலேயே நிற்பார். போகச் சொன்னாலும் போகமாட்டார், அவர் சுபாவம் அப்படி. படித்துவிட்டு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

2. தாங்கள் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வாரமே ஆகிறது என்று கேள்விப்பட்டேன். ஆகவே தங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியதையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்தருளவும். இந்த நகரத்தில் பிறப்பு இரண்டு வகை. நிற்கும் பிறப்பு, மிதக்கும் பிறப்பு. நிற்கும் பிறப்பினர் எல்லா ஊர் மக்களையும் போலத் தரையில் நடப்பவர்கள். மிதக்கும் பிறப்பினரைப் பிடித்திருக்கும் கையை விட்டால் மேலே போய்விடுவார்கள். தடுக்க ஒன்றும் இல்லையென்றால் போய்க்கொண்டே இருப்பார்கள். அப்படிப் பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் முத்திரையிட்ட இடுப்புக்கல் ஒன்றை வாரியம் வழங்க வேண்டும் என்பது எடைச் சட்டம் ஆறாம் பிரிவு. நான் மிதக்கும் பிறப்பு. முப்பத்தொரு வருடமாக வாரியத்தின் கல்லைக் கட்டிக்கொண்டு நல்லபடியாக நடமாடி வருகிறேன். என் கணவர் நிற்கும் பிறப்பு, சரக்குக் கிடங்கில் மூட்டை ஏற்றுபவர்.

3. எங்களுக்குச் சென்ற வருடக் கடைசியில் ஆண் குழந்தை பிறந்தது. வீட்டில் அவனைக் குண்டு என்று கூப்பிடுகிறோம். என் நாத்தனார் ஆசையாக வைத்த பெயர் அது. அவன் மிதக்கும் பிறப்பு என்பது பிறந்த அன்று மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. பால் கொடுத்து முடித்ததும் என் மடியிலிருந்து அவன் தானாக எழும்பினான்.

4. ஆனால் அன்று காலை ஆஸ்பத்திரி எடை ஏட்டில் 'மூன்று கிலோ இருநூறு, நிற்கும் பிறப்பு' என்று பதிவாகிவிட்டது. தராசில் வைத்த நர்ஸ் அம்மா குழந்தையின் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்த மூன்று கிலோ இருநூறு அவர் கையினுடையது. நான் பிறகு போய்க் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. "தொப்புள்கொடி அறுத்த ஈரம்கூடக் காயலம்மா. பச்சப் புள்ளைய எப்படி நான் கையை விடுவேன்? மனசு வரல" என்று அழுதார். அவர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது என்று இதன்மூலம் கேட்டுக்கொள்கிறேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் கையை எடுத்திருக்கமாட்டேன். தாங்களும் எடுத்திருக்கமாட்டீர்கள் என்றே நம்ப விரும்புகிறேன்.

5. ஏட்டில் 'நிற்கும் பிறப்பு' என்று இருப்பதால் குண்டுவுக்குக் கல் இல்லை. சாதாரணக் கல்லைக் கட்டிப் பார்க்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கட்டிப் பார்த்துவிட்டோம், ஐயா. முத்திரையில்லாத எந்தக் கனமும் எங்கள் உடம்பில் ஒரு மணி நேரம் இருந்தால் எங்களோடு சேர்ந்து கெட்டுப்போகிறது. ஒரு செங்கல், என் கணவர் கொண்டுவந்த இரும்பு எடைக்கல் ஒன்று, கடைசியாக என் இஸ்திரிப் பெட்டி ஆகிய மூன்றும் இப்படிப் போயின. இஸ்திரிப் பெட்டி இன்றுவரை எங்கள் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டடத்தோடு சேர்ந்தது மட்டும்தான் மாறாது. ஆகவே ஏழு மாதத்துக்கும் மேலாக என் மகனை ஜன்னல் கம்பியில் துணியால் கட்டி வளர்க்கிறேன். சட்டத்தை மதிக்கிற குடும்பத்தில் ஒரு பிள்ளை இப்படித்தான் வளர வேண்டுமா என்று தெரியவில்லை.

6. ஏட்டைத் திருத்த மறு எடை போட வேண்டும். மறு எடை வியாழக்கிழமைகளில் மட்டும், தங்கள் அலுவலக முற்றத்தில் நடக்கிறது. குழந்தையைத் தட்டில் வைத்து, கையை எடுத்து, எழுத்தர் மூன்று எண்ணுவார். குழந்தை எழும்பினால் முற்றத்துக் கூரையில் மெத்தென்று முட்டி நிற்கும். ஏணிக்காரர் ஏறி வலைக்கோலால் இறக்கித் தருவார். நல்ல ஏற்பாடுதான். என்னையும் சிறு வயதில் இப்படித்தான் எடை போட்டார்கள்.

7. இப்போது அந்த முற்றத்துக்குக் கூரை இல்லை.

8. போன புயலில் பறந்துவிட்டது. ஒரே ஒரு உத்தரம் குறுக்கே நிற்கிறது. அதில் ஏணியைச் சாய்த்துவிட்டு ஏணிக்காரர் வழக்கம்போல் காத்திருக்கிறார். அதற்கு மேலே வானம்தான். முதல் வியாழன் நான் போனபோது எழுத்தர் விடுப்பில் இருந்தார். இரண்டாம் முறை போனபோது குண்டுவைத் தட்டில் வைத்து, "கையை எடுங்கம்மா" என்றார். நான் மேலே பார்த்தேன். "கூரை எங்கே, சார்?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "கோப்புல கூரை இருக்கும்மா. பழுது நீக்கத்துல இருக்குன்னுதான் போட்டிருக்கு, இல்லைன்னு போடல. இருக்கிற கூரைக்கு நான் எப்படி வலை கேட்டு எழுதறது?" நான் கையை எடுக்கவில்லை. 'மனுதாரர் ஒத்துழைக்க மறுத்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

9. கையெழுத்துப் போடும்போது அந்த ஏட்டில் எனக்கு முந்தைய வரி கண்ணில் பட்டது. ஐந்து மாதப் பெண் குழந்தை, மறு எடை. அதற்கு நேரே 'குழந்தை ஆஜரில்லை, கோப்பு முடிக்கப்பட்டது' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு தாயின் கையெழுத்து, பாதியில் நின்றிருந்தது. குழந்தை வரவில்லையென்றால் தாய் எதற்குக் கையெழுத்துப் போட்டாள் என்று எனக்கு விளங்கவில்லை. வெளியே வரும்போது ஏணிக்காரரிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "வந்துச்சும்மா. வந்துட்டுத்தான் ஆஜரில்லாம போச்சு. நான் ஏணி உச்சிக்கே ஏறிட்டேன், கோலு எட்டல" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

10. சென்ற வியாழன் மூன்றாம் முறை போனேன். சும்மா போகவில்லை, யோசனைகளோடு போனேன். குழந்தையின் காலில் ஒரு கயிறு கட்டுகிறேன் என்றேன். எடையின்போது கை, கயிறு, துணி எதுவும் படக்கூடாது, விதி ஒன்பது என்றார். ஏணிக்காரர் வலைக்கோலை முன்கூட்டியே தலைக்குமேல் பிடிக்கட்டும் என்றேன். வலை மூன்று எண்ணிய பிறகுதான், விதி பத்து என்றார். ஆறடி தள்ளி ஆவண அறை இருக்கிறது, அதற்குக் கூரை இருக்கிறது, தராசை அங்கே நகர்த்தலாமே என்றேன். தராசு முற்றத்துக்கு நியமிக்கப்பட்டது, அதற்கு இடமாறுதல் உத்தரவு வேண்டும் என்றார். தராசுக்கு இடமாறுதல்! எனக்கு வந்த கோபத்தில் என் கணவர் மட்டும் தோளைப் பிடித்து இழுக்காமல் இருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. எழுத்தர் கெட்டவர் அல்ல. குண்டு அவர் பேனாவைப் பிடுங்கியபோது சிரித்து, கன்னத்தைக் கிள்ளினார். கிள்ளிவிட்டு மறுபடியும் கையை எடுங்கள் என்றார்.

11. இனி எழுதப்போவது என் ஒப்புதல் வாக்குமூலம். சென்ற சனிக்கிழமை காலை, கணவரும் நாத்தனாரும் வேலைக்குப் போனபின், நான் தையலில் இருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்து மிதக்கும் பிறப்புப் பிள்ளைகளின் சீருடைகளுக்கு ஓரக்கல், அதாவது துணியின் ஓரம் மேலே தூக்காமலிருக்க வாரியம் முத்திரையிட்டுத் தரும் பொடிக்கல், தைக்கும் வேலை. தலைக்குமேல் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜன்னல் கம்பியில் துணி மட்டும் தொங்கியது. குண்டு கூரையில் தவழ்ந்துகொண்டிருந்தான். சமையலறைக் கூரையில் புகை போவதற்கு ஒரு திறப்பு உண்டு. அதன் கண்ணாடி உடைந்து நாளாகிறது. வெளிச்சம் வரும் இடத்தைப் பார்த்துத்தானே பிள்ளைகள் போகும்? அவன் அதைப் பார்த்துப் போனான்.

12. நாற்காலி போட்டு ஏறினேன், எட்டவில்லை. கூப்பிட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு மேலும் ஒரு அடி தவழ்ந்தான். நான் என் இடுப்புக்கல்லின் கொக்கியை அவிழ்த்தேன். வாரியத்தின் கல்லை அனுமதியின்றி அவிழ்ப்பது எடைச் சட்டம் பதினான்காம் பிரிவின்படி குற்றம். தெரிந்தே செய்தேன். கூரைக்குப் போய் அவன் கணுக்காலைப் பிடித்தபோது அவன் தலையும் ஒரு கையும் திறப்புக்கு வெளியே இருந்தன. அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில், கூரையோடு கூரையாக நாலு மணி நேரம் கிடந்தேன். என் நாத்தனார் மதியம் வந்து, துணி காயப்போடும் கோலால் எங்களை இழுத்து இறக்கினார். "நல்லவேளை அண்ணி, ஒட்டடை அடிக்கிற வேலை மிச்சம்" என்று கேலி செய்தார். செய்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவருக்கு அழத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

13. வருகிற வெள்ளிக்கிழமை குண்டுவுக்கு எட்டு மாதம் நிறைகிறது. அதன்பின் பிறப்பு எடையைத் திருத்த முடியாது, மேல்முறையீடுதான். மேல்முறையீட்டுக்குக் குறைந்தது மூன்று வருடம் என்கிறார்கள். வளர வளர அவன் இழுப்பும் கூடுகிறது. எந்தத் துணியும் மூன்று வருடம் தாங்காது, ஐயா. ஆகவே நாளை மறுநாள் வியாழக்கிழமைதான் கடைசி நாள்.

14. நான் கேட்பது பெரிய விஷயம் அல்ல. தராசை ஆவண அறைக்கு ஒரே ஒரு நாள் நகர்த்த உத்தரவிடலாம். முற்றத்துக்கு மேலே ஒரு வலை கட்டலாம். மீன் வலை இருந்தாலும் போதும், நானே தைத்துக் கொண்டுவருகிறேன். இரண்டும் முடியாதென்றால் தாங்கள் உட்காரும் அறையிலேயே எடை போடலாம். அந்த அறைக்குக் கூரை இருப்பதை வெளியில் நின்று பார்த்தேன். நான் உள்ளே வந்து சந்திக்கத் தாங்கள் நேரம் தரவில்லை, அதில் வருத்தமில்லை. வியாழக்கிழமை காலை ஒரு நிமிடம் முற்றத்துக்கு வந்து, அண்ணாந்து பார்த்தால் போதும். கோப்பில் என்ன இருக்கிறது என்பது பிறகு இருக்கட்டும்.

15. எது எப்படியானாலும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான் என் மகனோடு ஆஜராவேன். அன்றும் கூரை இல்லாமல், வலை இல்லாமல், கையை எடுக்கச் சொன்னால் எடுக்கிறேன். இம்முறை ஒத்துழைக்க மறுத்ததாக எழுத வேண்டியிராது. எழுத்தர் மூன்று எண்ணி முடித்ததும் என் இடுப்புக்கல்லின் கொக்கியையும் அவிழ்த்துவிடுவேன். நான் பெரியவள், அவனைவிட வேகமாகப் போவேன், எட்டிப் பிடித்துவிடுவேன் என்ற நம்பிக்கை இருக்கிறது. சனிக்கிழமை பிடித்திருக்கிறேன். அதன்பின் தங்கள் ஏட்டில் 'குழந்தை ஆஜரில்லை' என்று எழுத நேர்ந்தால், அதே வரியில் தாயையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவனைத் தனியாக எழுத வேண்டாம்.

16. முற்றத்தில் விழும் என் கல் வாரியத்தின் சொத்து. அதை ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ள என் கணவருக்கு இதன்மூலம் அதிகாரம் அளிக்கிறேன். இந்த மனுவில் எழுதியிருப்பது அவருக்கு இன்னும் தெரியாது. நாத்தனாருக்கும் தெரியாது, உறையை ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன். தாங்கள் ஆவன செய்துவிட்டால் அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இராது. அப்படியே ஆகட்டும் என்று தங்கள் கருணையை எதிர்பார்த்து, வாசலில் நிற்பவரின் கையில் பதிலை வேண்டுகிறேன்.

இணைப்பு:
ஆஸ்பத்திரி எடைச் சீட்டின் நகல்.
நர்ஸ் அம்மா தம் கைப்பட எழுதித் தந்த கடிதம்.
ஜன்னலில் கட்டியிருந்த துணி, அறுந்த இடம் தெரியும்படி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடும்ப அட்டை எண் 4417-இன் குடும்பத் தலைவி
(கையொப்பம்)

இடம்: ஆணிக்கடைச் சந்து
நாள்: செவ்வாய்க்கிழமை, காலை

குறிப்பு: எழுத்து கோணலாக இருப்பதற்கும் இரண்டு இடத்தில் மை சிந்தியிருப்பதற்கும் மன்னிக்கவும். ஒரு கையால்தான் எழுத முடிந்தது. மற்றக் கையில் குழந்தை இருக்கிறான்.