நிறுத்துக என்னும் சொல்லை நீக்க மறுத்துப் பவளத்துறை மாநாய்கருக்கு விடுத்த ஓலை

திரை ஓயாக் கடலும் நிறை குன்றா ஏரியும் உடைய வெண்கோட்டு நாட்டில், செங்கோல் வழுவாத நீலமாதேவியாரின் ஏழாம் ஆட்சியாண்டு, ஆனித் திங்கள் வளர்பிறை ஐந்தாம் நாள், தேவியார் திருவாய் மலர்ந்தபடி ஓலைநாயகம் கண்டீரனார் எழுதுவித்தது. பவளத்துறை வணிகக் குழுவின் தலைவர், எண்டிசை மரக்கலங்களுக்கு உரிய மாநாய்கர் எயினந்தேவனார் இதனைக் காண்க. அவர் கலங்கள் காற்றறிந்து கரை சேர்க. அவர் குலம் தழைக்க. அரச ஓலையை நின்று வாசிப்பதே மரபு எனினும், இது சற்று நீளமாதலால் மாநாய்கர் அமர்ந்தே வாசிக்கலாம்.

கலத்தில் வந்திறங்கிய பட்டு, சந்தனம், கண்ணாடி வளை ஆகியவற்றின் சேதியை வணிகக் குழு ஓலை நறுக்கில் எழுதி வீடுதோறும் அனுப்புவதும், வேண்டுவோர் 'தருக' என்றும் வேண்டாதோர் 'நிறுத்துக' என்றும் ஒரு சொல் எழுதி மறுநறுக்குக் கொடுப்பதும் இந்நாட்டில் மூன்றாண்டு வழக்கம். 'நிறுத்துக' என்ற சொல் ஓர் உயிரையே குடிக்கப் பார்த்தது. ஆதலின் அச்சொல்லை நீக்கி, குடிகளின் நலன் கருதி எல்லா வாசலுக்கும் எக்காலமும் ஓலை செல்ல அருள வேண்டும் என்பது மாநாய்கர் விடுத்த விண்ணப்பம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ஆயினும் நடந்ததை முழுதும் சொல்லிவிட்டு ஆணையைச் சொல்வதே முறை.

கழிமுகத்து உப்பளத்தில் கொற்றி என்பவள் தனி ஒருத்தியாகப் பாத்தி கட்டி உப்பு வாருகிறாள். தை மாதத்தில் வணிகக் குழுவின் கடையில் அவள் ஒரு மூங்கில் கூடை வாங்கினாள். கூடை வாங்கியவள் பட்டும் வாங்குவாள் என்று குழுவின் எழுத்தர் தாமே முடிவு செய்து, அவளை ஒரு வார்த்தை கேளாமல், 'தருக' என்றவர்களின் அட்டவணையில் அவள் வாசலை ஏற்றிவிட்டார். ஒரே திங்களில் பதினொரு நறுக்குகள் போயின. ஓலை எதுவாயினும் கை கழுவி, இரு கையாலும் வாங்குவது வெண்கோட்டு மரபு. பதினொரு முறையும் அவள் பாத்தியை விட்டேறி, நல்ல தண்ணீர் தேடிக் கை கழுவி, நாட்டிய மங்கையர்க்கு ஏற்ற மெல்லிய பட்டைப் பற்றி வாசித்தாள். பன்னிரண்டாம் முறை அவள் 'நிறுத்துக' என்று எழுதியதில் வியப்பில்லை.

இதுவரை உள்ள பிழை குழுவினுடையது. இனி வருவது ஓலைநாயகத்தினுடையது. அதை அவர் பிறர் தலையில் கட்டப் போவதில்லை. 'நிறுத்துக' என்ற சொல் வந்த கணமே அவ்வாசலை அட்டவணையிலிருந்து அடிக்க வேண்டும், காரணம் கேட்கக்கூட ஓலைக்காரர் அங்கே கால் வைக்கலாகாது என்று விதி எழுதியவர் அவரே. அந்த விதியின் மேல் அவருக்கு அத்தனை பெருமை. விருந்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். ஏரி மதகு திறப்பதை முன்னறிவிக்கும் அரண்மனை ஓலையும் அதே ஓலைக்காரர் பையில், அதே அட்டவணைப்படிதான் போகிறது என்பதை மட்டும் அவர் நினைக்கவில்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது.

வைகாசியில் மேற்கே மழை கொட்டி ஏரி நிரம்பவே, மதகு திறக்கப்படும் என்ற ஓலை உப்பளமெங்கும் சென்றது. எல்லோரும் உப்பை வாரி மேட்டில் ஏற்றினர். கொற்றியின் வாசலை ஓலைக்காரர் விதிப்படி தலைகுனிந்து கடந்து போனார். அயலார் ஓடுவதைக் கண்டு அவள் நிமிர்வதற்குள் வெள்ளம் இடுப்பளவு வந்துவிட்டது. ஓட வழியின்றி, மூன்று மாத உழைப்பாகக் குவிந்திருந்த தன் உப்புக் குவியலின்மேல் அவள் ஏறி நின்றாள். குவியல் காலடியில் கரைந்துகொண்டே வந்தது. பரதவர் தோணி அவளை எட்டிப் பிடித்தபோது நீர் அவள் கழுத்தில் இருந்தது. உப்பு ஒரு பிடியும் மிஞ்சவில்லை.

தேவியார் அவையில் அவள் உரைத்ததை மாற்றாமல் எழுதும்படி ஆணை. "பட்டு வேணாம்னுதானே எழுதுனேன்? தண்ணி வந்தா சொல்லாதீங்கன்னா எழுதுனேன்?" என்றாள். ஓலைநாயகத்துக்கு நாற்பது ஆண்டுப் பணியில் முதன்முறையாக வெட்கமாக இருந்தது.

அமைச்சர் சிலர், 'நிறுத்துக' என்று எழுதிய அனைவரையும் அவர்கள் நன்மைக்காகவே மீண்டும் அட்டவணையில் ஏற்றலாம் என்றனர். ஓலைநாயகம் மறுத்தார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவாரில்லை. கேளாமல் ஏற்றியதில் தொடங்கிய தீங்கைக் கேளாமல் ஏற்றித் தீர்க்க முடியாது என்று அவர் வாதிட, தேவியாரும் அதையே கொண்டார்.

பின்னர் ஓலைநாயகம் தாமே ஒரு நறுக்கை ஏந்தி உப்பளம் சென்றார். 'இடர் வருங்கால் அரண்மனை அறிவிக்கலாமா' என்பதே அதில் எழுதியிருந்தது. கொற்றி புதுப் பாத்திக்கு வரப்பு மிதித்துக்கொண்டிருந்தாள். அவரை உச்சி வெயிலில் நிறுத்திவைத்துவிட்டு, அவசரமின்றிக் கை கழுவி வந்து, நறுக்கை இருமுறை வாசித்து, மறுநறுக்கு எழுதிக் கொடுத்தாள். அவர் இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஆதலின் ஆணையாவது: 'நிறுத்துக' என்னும் சொல் நிற்கும். இடர் ஓலைக்கு அரண்மனை தனி அட்டவணை வைத்து, வாசல்தோறும் கேட்டே ஏற்றும். அதை வணிகர் தொடலாகாது. 'தருக' என்று தம் கையால் எழுதாத எவரும் குழுவின் அட்டவணையில் இருக்கலாகாது. கூடை வாங்கியது சம்மதம் ஆகாது. சொல்லோடு வேறு ஏதேனும் எழுதி வந்தால் எழுத்தர் அதையும் வாசித்து அதன்படியே நடக்க வேண்டும். கொற்றி இழந்த உப்பைக் குழுவும் ஓலைநாயகமும் பாதிப் பாதியாக, அடுத்த அமாவாசைக்குள் அவள் மேட்டில் கொண்டுபோய்க் குவிக்க வேண்டும்.

இவ்வோலையின் அடியில் இலச்சினை இல்லையே என்று மாநாய்கர் ஐயுற வேண்டா. உப்பளத்துக் கொற்றி எழுதித் தந்த மறுநறுக்கு இதனோடு கோக்கப்பட்டுள்ளது. தேவியார் தம் இலச்சினையை அதன்மேல் இட்டருளினார். அதில் உள்ளது இவ்வளவே: 'தருக. தண்ணிக்கு மட்டும்.'